ரப்பரைக் கீழே வையுங்கள்!

கேள்வி: என் மகள் யூ.கே.ஜி. படிக்கிறாள். வீட்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி, படம் வரைந்து, சமிக்கி ஒட்டிப் பரிசு தயார் செய்துவிடுவாள். தரையெல்லாம் ஃபெவிகால். போன மாதம் அத்தைக்கு அவள் செய்து கொடுத்த அட்டை, அத்தை ஊருக்குப் போனபின் சோபா இடுக்கில் கிடந்தது. ஒரே அழுகை. அடுத்து, ஊரில் இருக்கும் தாத்தாவின் 70-வது பிறந்தநாள். அவள் வரையும் தாத்தாவுக்குத் தலையிலிருந்தே கை, கால் முளைக்கிறது. நான் கொஞ்சம் திருத்திக் கொடுக்கலாமா? என் கணவரோ அட்டைக்குப் பத்து ரூபாய் என்று கொடுத்து உற்சாகப்படுத்துகிறார். சரிதானா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் ரப்பரைக் கீழே வையுங்கள். தலையில் நேராகக் கை, கால் முளைத்த மனிதர்களைப் பல நாட்டுக் குழந்தைகளும் இந்த வயதை ஒட்டி வரைகிறார்கள். அவர்களுக்கு முகம்தான் ஆள். கழுத்தும் வயிறும் தானாக வந்து சேரும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு பொங்கலுக்கு என் மகன் அவன் அப்பாவுக்கு வாழ்த்து அட்டை செய்தான். கரும்பு, பார்க்க ஏணி மாதிரி இருந்தது. சும்மா இருக்க முடியாமல் நானே இரண்டு கரும்பு வரைந்து, பானைக்கு வண்ணமும் தீட்டிவிட்டேன். "யாருடா செஞ்சது?" என்று அப்பா கேட்டதும், "அம்மா" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

ஆனால் எனக்கு அதிகம் உறுத்துவது அந்தப் பத்து ரூபாய்தான். 1973-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு உண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில், வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகள் சிலரிடம் மட்டும் "வரைந்தால் சான்றிதழ்" என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஓரிரு வாரம் கழித்து, விளையாட்டு நேரத்தில் அவர்கள் வரைந்த நேரம் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதிதான். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. ஆகவே கூலி பேச வேண்டாம். அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உங்கள் கணவர் வேலைக்குப் போகட்டும். அது போதும் அவளுக்கு.

அத்தை மறந்திருப்பார். மகளிடம் பொய் சொல்லிச் சமாளிக்காதீர்கள். "அத்தை மறந்துட்டாங்க, எனக்கும் வருத்தமாத்தான் இருக்கு" என்று சொல்லுங்கள். அத்தையிடம் விஷயத்தைச் சொல்வது உங்கள் கணவரின் வேலை. அவர் கூடப்பிறந்தவர்தானே! நீங்கள் சொன்னால் அது வேறு கதையாகிவிடும்.

தரைக்குப் பழைய பேப்பர் விரியுங்கள். ஃபெவிகாலுக்குப் பதில் மைதா பசை காய்ச்சிக் கொடுக்கலாம். போஸ்டர் ஒட்டுகிறவர்கள்போல மயில்துத்தம் மட்டும் கலந்துவிடாதீர்கள், விஷம்.

தாத்தாவுக்கு ஓர் அஞ்சலட்டை வாங்குங்கள், 50 பைசாதான். ஒரு பக்கம் முழுக்க அவள் இஷ்டம். சமிக்கி மட்டும் வேண்டாம், வழியிலேயே உதிர்ந்துவிடும். முகவரியை நீங்கள் எழுதி, ஒரு வாரம் முன்பே தபால் பெட்டிக்குக் கிளம்புங்கள். பெட்டிக்குள் அவளே போடட்டும். எட்டாவிட்டால் தூக்கிக்கொள்ளுங்கள்.