இக்னோல டிகிரி பண்ணலாமா? நாத்தனார் வேண்டாங்கறாங்க!

கேள்வி: ப்ளஸ் டூ முடிச்சு பதினாறு வருஷமாச்சு மேடம். ஜவுளிக்கடையில பில்லிங்ல இருக்கேன், ரெண்டு பிள்ளைங்க. இக்னோல பி.ஏ. சேர்ந்து குரூப் டூ எழுதணும்னு ஆசை. "தபால்ல வர்ற டிகிரியை யார் மதிக்கப் போறா, அந்தப் பணத்தைப் பிள்ளைங்க பேர்ல போடு"ன்னு நாத்தனார் சொல்றாங்க. அது எப்ப, எப்படி வந்த யுனிவர்சிட்டி? நம்பிச் சேரலாமா?
– பெயர் வேண்டாம், விருதுநகர்.

பதில்: சேரலாம்மா, தாராளமா சேரலாம். இக்னோங்கறது இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், வீட்டுல இருந்தே படிக்கற மத்திய அரசு யுனிவர்சிட்டி. உங்க நாத்தனார் மேலயும் கோபப்படாதீங்க, அவங்க மனசுல இருக்கறது பழைய கரஸ்பாண்டன்ஸ் கோர்ஸ், அந்த பயம் வந்ததுக்குக் காரணம் உண்டு.

காலேஜ்ல சீட் பத்தாம போனப்ப, கல்வியாளர் டி.எஸ். கோத்தாரி தலைமையில ஒரு கமிட்டி போட்டு 1962ல டெல்லி யுனிவர்சிட்டியில முதல் கரஸ் கோர்ஸை ஆரம்பிச்சாங்க, அப்புறம் மதுரை, அண்ணாமலை, சென்னைன்னு நம்ம பக்கமும் வந்துச்சு. எத்தனையோ குடும்பத்துல முதல் டிகிரி இப்படித்தான் வந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனா நிறைய இடத்துல நடந்தது என்னன்னா நோட்ஸ் தபால்ல வரும், வருஷக் கடைசியில பரீட்சை, நடுவுல சந்தேகம் கேக்க ஆளே கிடையாது, கட்டின பீஸ் ரெகுலர் டிபார்ட்மென்ட் செலவுக்குப் போயிடும். அந்தக் கெட்ட பேர்தான் இன்னைக்கும் தொடருது.

இதுக்கு மாத்து வழி இங்கிலாந்துல 1969ல ஆரம்பிச்ச ஓபன் யுனிவர்சிட்டியில இருந்து கிடைச்சுது. அங்க பாடத்தை ஒரு ஆள் எழுதறதில்ல, பல பேர் டீமா உக்காந்து, வாத்தியார் பக்கத்துல இல்லாமலே புரியற மாதிரி எழுதுவாங்க, மாணவர் எழுதி அனுப்பற அசைன்மென்ட்டை ட்யூட்டர் திருத்தி எங்க தப்புன்னு குறிச்சுத் திருப்பி அனுப்புவார். இந்தப் பாணியில 1982ல ஹைதராபாத்ல நம்ம நாட்டோட முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வந்துச்சு, அதுக்கு முதல் துணைவேந்தர் ஜி. ராம் ரெட்டி. 1985ல பார்லிமென்ட்ல தனிச் சட்டமே போட்டு இக்னோவை ஆரம்பிச்சப்ப அவரைத்தான் டெல்லிக்குக் கூப்பிட்டு முதல் துணைவேந்தர் ஆக்கினாங்க. 1987ல ரெண்டே ரெண்டு டிப்ளமோ, 4,528 மாணவர்கள், அவ்வளவுதான் ஆரம்பம். 1994லயே திகார் ஜெயிலுக்குள்ள ஸ்டடி சென்டர் திறந்தாங்க, எனக்கு இந்த யுனிவர்சிட்டி மேல மரியாதை வந்ததே அதனாலதான், வெளிய வர முடியாதவங்களைத் தேடிப் போய் படிக்க வச்சாங்க பாருங்க!

ஒரு குழப்பமும் நடந்துச்சு, அதையும் சொல்லிடறேன். நாட்டுல மத்த தொலைநிலைக் கோர்ஸ்களைக் கண்காணிக்கற வேலையையும் இக்னோகிட்டயே கொடுத்து 1991ல அதுக்குள்ளயே ஒரு கவுன்சில் வச்சாங்க. ஆட்டக்காரரே அம்பயராவும் நின்னா எப்படி? கடைசியில 2013ல அந்தப் பொறுப்பு பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசிக்குப் போச்சு. 2017ல சுப்ரீம் கோர்ட், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் முறையான அனுமதி இல்லாம தபால்ல கொடுத்த இன்ஜினியரிங் டிகிரி செல்லாதுன்னு தீர்ப்பு சொன்னப்ப "தபால் டிகிரியே செல்லாதாம்"னு ஊரெல்லாம் பரவிடுச்சு. உங்க பி.ஏ.வுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. அனுமதி பெற்ற தொலைநிலை டிகிரி ரெகுலர் டிகிரிக்குச் சமம்னு யுஜிசியோட 2020 விதிமுறையிலயே இருக்கு.

அரசு வேலைக்கு முக்கியமா பாக்கறது பத்தாவது, ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரிங்கற வரிசை. ப்ளஸ் டூ இல்லாம நேரா திறந்தநிலையில டிகிரி வாங்கினவங்க நம்ம மாநிலத்துல ரொம்ப சிக்கல்பட்டிருக்காங்க. நீங்க முடிச்சிருக்கறதால அந்தக் கவலை இல்ல. குரூப் டூ வயசு வரம்பு மட்டும் பிரிவுக்குப் பிரிவு மாறும், பழைய நோட்டிபிகேஷனை எடுத்து உங்க பிரிவுக்கு என்னன்னு இப்பவே பாத்துடுங்க. தமிழ் மீடியம்லதான் படிக்கணும்னா 2002ல வந்த தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையும் விசாரிங்க.

எனக்கு உங்க விஷயத்துல கவலை டிகிரியோட மதிப்பைப் பத்தி இல்ல, உங்க நேரத்தைப் பத்தித்தான். இக்னோ கணக்குல ஒரு கிரெடிட்னா 30 மணி நேரப் படிப்பு, ஆறு கிரெடிட் பேப்பர் ஒண்ணுக்கு 180 மணி நேரம், தினம் ரெண்டு மணி நேரம் உக்காந்தா ஒரே பேப்பருக்கு மூணு மாசம். கடையில நாள் பூரா நின்னுட்டு வந்து, சமைச்சு, பிள்ளைங்களைத் தூங்க வச்சுட்டு அந்த ரெண்டு மணி நேரம் எங்க இருந்து வரும்னு வீட்டுக்காரர்கிட்ட உக்காந்து பேசுங்க, அவர் எந்த வேலையை எடுத்துக்கறார்னு தெளிவா கேளுங்க. மூணு வருஷ டிகிரியை ஆறு வருஷம் வரைக்கும் இழுத்து முடிக்கலாம், அவசரப்பட்டு எல்லா பேப்பரையும் ஒரே தடவை எழுதாதீங்க.

அசைன்மென்ட்டைத்தான் நிறைய பேர் அலட்சியமா விட்டுட்டு மாட்டிக்கறாங்க. பொதுவா 30 சதவீத மார்க் அதுல இருக்கு, அதுலயும் எக்ஸாம்லயும் தனித்தனியா பாஸ் ஆகணும். உங்க கையெழுத்துல எழுதி, மேல என்ரோல்மென்ட் நம்பர், பேப்பர் கோடு, ஸ்டடி சென்டர் கோடு எல்லாம் போட்டு, கொடுத்ததுக்கு ரசீது வாங்கி, ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, மார்க் ஏறலைன்னா கேக்க அதுதான் ஆதாரம்.

ஜனவரி, ஜூலைன்னு வருஷத்துக்கு ரெண்டு அட்மிஷன் உண்டு. பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை பக்கத்துல இருக்கற ஸ்டடி சென்டருக்கே நேர்ல போய், நீங்க எடுக்கப் போற சப்ஜெக்ட்டுக்கு அங்க கிளாஸ் நடக்குதான்னு கேளுங்க. முடிஞ்சா நாத்தனாரையும் கூட்டிட்டுப் போங்க.