பதில்: உருட்டியும் ஒட்டாத கம்பளிப் பை

வணக்கம். கம்பளி இழையை நெய்யாமல், சோப்பு வெந்நீரில் நனைத்து உருட்டி இறுக்கும் ஃபெல்ட் முறையில் பை செய்கிறீர்கள். ஒரு மணி நேரம் உருட்டியும் பையின் மேலடுக்கு வெங்காயத் தோல் மாதிரி உரிந்து வருகிறது, கம்பளி மெரினோ ஆட்டினுடையதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் கம்பளியைச் சந்தேகப்படுங்கள், உங்கள் கையை அல்ல.

பொட்டலத்தில் 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருக்கிறதா? கம்பளி இழையின் மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டு, தேய்க்கத் தேய்க்க அவை ஒன்றோடொன்று சிக்கி இறுகும். சூப்பர்வாஷில் அந்தச் செதில்களை மழுக்கியோ பூச்சால் மூடியோ விடுவார்கள். ஸ்வெட்டர் பின்ன அருமையான கம்பளி, ஃபெல்ட்டுக்கு ஆகவே ஆகாது. ஒரு சிட்டிகை பிய்த்து, வெந்நீரில் நனைத்து, துளி சோப்போடு உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள். சில நிமிடத்தில் உருண்டை இறுகாவிட்டால் வேறு கம்பளிதான் வழி.

இறுகினால் கோளாறு நீங்கள் இழையை அடுக்கிய விதத்தில். நடுவில் காய்ந்த இழை நின்றிருக்கும், அல்லது நுரை அதிகமாகி இழைகள் வழுக்கியிருக்கும். மெல்லிசாக, குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி, தண்ணீர் உள்ளே இறங்கும்வரை அழுத்துங்கள். விரலால் கிள்ளினால் தனி இழை எழும்பக் கூடாது. அதன் பிறகே உருட்டல்.

துணைக்கு ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கிர்கிஸ் பெண்கள் அலா-கியிஸ் என்ற ஃபெல்ட் விரிப்புக்கு நாணல் பாயில் கம்பளியைப் பரப்பி, கொதிநீர் ஊற்றிச் சுருட்டி, பலர் சேர்ந்துதான் உருட்டுகிறார்கள். 2012-ல் யுனெஸ்கோ அவசரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்த கலை அது.

பொட்டலத்துச் சீட்டைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.