வெறும் வயிற்றில் வரச் சொன்னால்…

கேள்வி: என் தாயாருக்கு வயது 68. சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். அடுத்த வாரம் ரத்தப் பரிசோதனையும், அதன்பின் மயக்க மருந்து கொடுத்து ஓர் அறுவை சிகிச்சையும் செய்ய இருக்கிறார்கள். இரண்டுக்கும் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாதா? மாத்திரைகளை என்ன செய்வது?

பதில்: இரண்டுக்கும் காரணம் வேறு என்பதால் விதிகளும் வேறு. சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பும் ஏறிவிடும் என்பதால்தான் ரத்தப் பரிசோதனைக்கு முன் சர்க்கரைக்குக் குறைந்தது 8 மணி நேரமும், கொழுப்புக்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மணி நேரமும் உண்ணாதிருக்கச் சொல்கிறார்கள். வெறும் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். குடித்திருந்தால் ரத்தம் எடுக்க ரத்தக் குழாயும் எளிதில் கிடைக்கும். காலையில் போட வேண்டிய சர்க்கரை மாத்திரையையோ இன்சுலினையோ உண்ணாமல் எடுத்துக்கொண்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடக்கூடும் என்பதால், அதை எப்போது எடுப்பது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். காத்திருக்கும்போது தாயாருக்கு வியர்வையோ கை நடுக்கமோ வந்தால், பரிசோதனை கெட்டுவிடுமே என்று தயங்காமல் உடனே குளுக்கோஸ் கொடுத்துவிட்டு ஊழியர்களிடம் சொல்லுங்கள். பரிசோதனையை இன்னொரு நாள் செய்துகொள்ளலாம்.

அறுவை சிகிச்சைக்கு முந்தைய பட்டினியில்தான் உயிர் சம்பந்தப்பட்ட காரணம் இருக்கிறது. மயக்க நிலையில் இருமலும் விழுங்கும் உணர்வும் அடங்கிவிடுவதால், வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடலாம். எனவே பெரியவர்கள் திட உணவைக் குறைந்தது 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் போன்ற தெளிந்த திரவங்களை 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்த வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. பாலும் பால் கலந்த பானங்களும் உணவுக் கணக்கில்தான் சேரும். பலரும் தவறுவது இங்கேதான். உங்கள் மருத்துவமனை இதைவிட அதிக நேரம் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். தவறிப்போய் ஏதேனும் சாப்பிட்டுவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை தள்ளிப்போவதால் நேரும் சிரமம், மறைப்பதால் வரும் ஆபத்துக்கு முன் ஒன்றுமே இல்லை.

மாத்திரைகளைப் பொறுத்தவரை ஊகம் வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரைகளில் சிலவற்றை அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீருடன் போடச் சொல்வார்கள். சிலவற்றை முந்தைய நாளே நிறுத்தச் சொல்வார்கள். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளைப் பொதுவாக 3 நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் மருந்தையோ, மருத்துவரைக் கேட்காமல் ஒரு வேளைகூட விடக் கூடாது. ஆகவே எல்லா மருந்துகளையும் அளவோடு ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேராக 'போடலாமா, எப்போது நிறுத்துவது' என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக வாங்கும் வைட்டமின் மாத்திரைகளையும் அதில் சேருங்கள். பயோட்டின் அதிகமுள்ள மாத்திரை தைராய்டு பரிசோதனை முடிவையே மாற்றிக் காட்டக்கூடும்.

கேள்வி: எனக்கு பேஸ்மேக்கர் பொருத்தியிருக்கிறார்கள். இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: அது கருவியின் வகையைப் பொறுத்தது. புதிய பேஸ்மேக்கர்கள் பலவற்றோடு, சில நிபந்தனைகளின்படி, ஸ்கேன் எடுக்க முடியும். ஆனால் முன்னதாகவே கருவியின் அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கருவியோடு கொடுத்த அட்டையைத் தேதி வாங்கும்போதே காட்டுங்கள். ஸ்கேன் ஓடாதபோதும் அந்த அறையின் காந்தம் செயலில்தான் இருக்கும் என்பதால், ஊழியர் அனுமதிக்கும்வரை வாசலைத் தாண்ட வேண்டாம்.