ஃபோட்டோஷாப் பிரஷ்கள் கிரிட்டாவுக்கு வருமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கொடைக்கானல் மலையில் பண்ணைக்காட்டில் இருக்கிறேன். குழந்தைகளுக்கான படக்கதைகளுக்கு ஓவியம் வரைந்து கொடுக்கிறேன். இத்தனை வருடமும் ஃபோட்டோஷாப்தான். மாதாமாதம் சந்தா கட்டி மாளவில்லை, அதனால் கிரிட்டா என்ற இலவச ஓவிய மென்பொருளுக்கு மாறலாம் என்று முடிவெடுத்துவிட்டேன். சந்தா முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

சோலை மரங்கள், புல்வெளி, மூடுபனி, குறிஞ்சிப்பூ என்று நம் மலையை வரையவே சேர்த்து வைத்த பிரஷ்கள் ஒரே ஏபிஆர் கோப்பில், அதாவது ஃபோட்டோஷாப் பிரஷ்களைச் சேமிக்கும் கோப்பில், அறுபதுக்கு மேல் இருக்கின்றன. அதைக் கிரிட்டாவில் ஏற்றினேன். பிரஷ் பட்டியலில் ஒன்றுமே வரவில்லை. எங்கெங்கோ தேடி எடிட்டருக்குள் நாற்பது படங்கள் கிடைத்தன. மீதி எங்கே போயின? கிடைத்ததும் சரியில்லை. புல் பிரஷ்ஷை இழுத்தால் ஒரே புல்கட்டு ரப்பர் ஸ்டாம்ப் வைத்த மாதிரி வரிசையாக விழுகிறது. மூடுபனி கறுப்புத் திட்டாக வருகிறது. முழுசாக மாற்றித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?

இன்னொன்று. இதில் ஒரு செட் நான் காசு கொடுத்து வாங்கியது. மாற்றியபின், சனி ஞாயிறுகளில் என்னிடம் வரையக் கற்க வரும் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாமா?

அன்புடன்,
க.,
பண்ணைக்காடு

*

அன்புள்ள க.,

வாங்க வேண்டாம். ஒரு பிரஷ்ஷை அதன் குணம் கெடாமல் ஃபோட்டோஷாப்பிலிருந்து கிரிட்டாவுக்குக் கொண்டுவரும் மென்பொருள் எதையும் நான் பார்த்ததில்லை. அப்படி விற்பவை கோப்புக்குள் இருக்கும் படங்களைத்தான் பிரித்துக் கொடுக்கும். அந்த வேலையைக் கிரிட்டா உங்களுக்கு இலவசமாகவே செய்து முடித்துவிட்டது. நீங்கள் எடிட்டருக்குள் கண்ட நாற்பது படங்கள் அவைதான்.

ஏபிஆர் கோப்பில் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று முனை, அதாவது கறுப்பு வெள்ளையில் ஒரு சின்னப் படம். மற்றது அந்த முனை எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற குறிப்பு: எவ்வளவு இடைவெளியில் விழ வேண்டும், பேனாவை அழுத்தினால் பெரிதாக வேண்டுமா அடர்த்தியாக வேண்டுமா, திரும்ப வேண்டுமா, சிதற வேண்டுமா. இந்தக் குறிப்பு ஃபோட்டோஷாப்பின் பிரஷ் எஞ்சினுக்காக எழுதப்பட்டது. புதிய ஏபிஆர் வடிவத்தின் விவரத்தை அடோபி வெளியிடவும் இல்லை. மற்றவர்கள் கோப்பைப் பிரித்துப் பார்த்து, முனைப்படங்களை எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். கிம்ப் என்ற இலவசப் பட மென்பொருள், கிரிட்டா இரண்டிலும் அந்த அளவுக்குத்தான் வேலை நடக்கிறது.

உங்கள் பிரஷ்கள் காணாமல் போனதற்கும் இதுதான் காரணம். ஏபிஆரில் உள்ள சாதாரண வட்ட பிரஷ்களுக்குப் படமே கிடையாது, வெறும் எண்கள்தான், அதனால் அவை ஏறாது. அப்புறம், ஒரே முனையை நான்கைந்து பிரஷ்கள் பங்குபோட்டுக்கொள்வது சகஜம். அறுபது நாற்பதானது அப்படித்தான். பட்டியலில் எதுவும் தெரியாததற்கும் வேறு மர்மம் இல்லை. அந்தப் பட்டியல் முழுமையான பிரஷ்களுக்கானது. முனைகள் மட்டும் வந்தால், எஃப்5 தட்டித் திறக்கும் பிரஷ் எடிட்டரில் பிரஷ் டிப், அதில் பிரீடிஃபைன்ட் என்ற பக்கத்தில் போய் உட்காரும்.

ஆக, நடத்தையைக் கையால்தான் மறுபடி கட்ட வேண்டும். பயப்படாதீர்கள், அறுபதையும் கட்ட வேண்டியதில்லை. கடைசியாக முடித்த இரண்டு கதைகளின் பக்கங்களைத் திறந்து, எந்த பிரஷ் எங்கே வேலை செய்திருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். மற்றவற்றின் முனைகள் கிடக்கட்டும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம்.

இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டியது ஒன்றுதான், அதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். ஃபோட்டோஷாப்பில் ஒரு பெரிய வெள்ளைத் தாள் திறந்து, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பிரஷ்ஷுக்கும் மாதிரி வரையுங்கள். நகர்த்தாமல் ஒரே ஒரு தட்டு, லேசாகத் தொடங்கி அழுத்தமாக முடியும் நீளமான ஒரு கோடு, வளைந்து திரும்பும் ஒரு கோடு, ஒரே இடத்தில் தேய்த்து நிரப்பிய ஒரு சதுரம். பக்கத்தில் பிரஷ்ஷின் பெயர். பிரஷ் செட்டிங்ஸ் பலகையின் ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சந்தா முடிந்தபின் அந்த எண்களை ஃபோட்டோஷாப்பில் திறந்து பார்க்க முடியாது. ஆனால் ஸ்கிரீன்ஷாட்டை விட மாதிரித் தாள்தான் முக்கியம். கிரிட்டாவில் எண்ணைப் பொருத்துவதில் பயனில்லை, கோட்டைத்தான் பொருத்த வேண்டும்.

கிரிட்டாவில் முதல் வேலை எந்த பிரஷ்ஷும் இல்லை, உங்கள் பேனாதான். கன்ஃபிகர் கிரிட்டாவில் டேப்லெட் செட்டிங்ஸ் போய், பொதுவான அழுத்த வளைவை உங்கள் கைக்கு ஏற்றபடி சரிசெய்யுங்கள். இதை விட்டுவிட்டு ஒவ்வொரு பிரஷ்ஷிலும் அழுத்தத்தோடு மல்லுக்கட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன்.

இனி புல். வரிசையாக ஸ்டாம்ப் விழுவதற்கு முதல் காரணம் ஸ்பேசிங், அதாவது ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் உள்ள இடைவெளி. ஃபோட்டோஷாப்பில் அது முனையின் அளவில் இத்தனை சதவீதம் என்று இருக்கும். கிரிட்டாவில் பின்னமாக இருக்கும், 25 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 0.25. அங்கிருந்து தொடங்கி, மாதிரித் தாளைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். அடுத்து அளவு. எவ்வளவு லேசாகத் தொட்டாலும் முனை இதற்குக் கீழே சுருங்கக் கூடாது என்று சொல்லும் ஃபோட்டோஷாப்பின் மினிமம் டயாமீட்டருக்குக் கிரிட்டாவில் தனிப் பெட்டி தேட வேண்டாம், சைஸ் பக்கத்தில் அழுத்த வளைவின் இடது முனையை மேலே தூக்கினால் அதே வேலை நடக்கும். தட்டுகளைச் சிதறடிக்கும் ஸ்கேட்டர் இரண்டிலும் இருக்கிறது. புல் நெருக்கமாக விழ வேண்டுமென்றால் ஸ்பேசிங்கைக் குறையுங்கள்.

திரும்புவதில்தான் யோசிக்க வேண்டும். ரொட்டேஷன் பக்கத்தில் டிராயிங் ஆங்கிள் என்று ஒன்று உண்டு, கோடு போகும் திசைக்கு முனை திரும்பும். மன்னவனூர்ப் புல்வெளியில் காற்றில் சாய்ந்து கிடக்கும் புல்லுக்கு அது சரி. பூம்பாறையின் பூண்டு வயல் படிகளுக்கு அதை வைத்தால் கெட்டது. படியின் கோடு குறுக்கே ஓடும், ஆனால் பூண்டுத் தாள் நிமிர்ந்துதான் நிற்கும். அங்கே டிராயிங் ஆங்கிளை எடுத்துவிட்டு ஃபஸ்ஸி டேப் வையுங்கள், ஒவ்வொரு தட்டுக்கும் தோன்றியபடி திரும்பும். அதன் வலுவை நன்றாகக் குறைத்தால் தாள்கள் நிமிர்ந்தபடியே லேசாக ஆடும். ஃபோட்டோஷாப்பில் ஆங்கிள் ஜிட்டர் என்று வைத்திருப்பீர்களே, அதுதான் இது. குறிஞ்சிக்கும் இதே ஃபஸ்ஸி டேப் உதவும். ஹியூ (நிறம்), வேல்யூ (வெளிச்சம்) பக்கங்களில் கொஞ்சமாகப் போட்டால் ஒவ்வொரு பூவும் நீலத்துக்கும் ஊதாவுக்கும் நடுவே வேறுபடும். 2018இல் பூத்தபோது எடுத்த படம் ஏதாவது வைத்திருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பூப்பு 2030இல்தானே.

ஒரே கட்டு திரும்பத் திரும்ப வருகிறதே என்ற குறைக்கு, கிரிட்டாவில் உங்கள் பழைய பிரஷ்ஷிலேயே இல்லாத ஒரு தீர்வு இருக்கிறது. ஃபோட்டோஷாப் முனைக்கு ஒரே படம்தான். கிரிட்டா, கிம்ப் இரண்டும் ஜிஐஹெச் என்ற வகையைப் படிக்கும், அதில் ஒரு முனைக்குள் பல படங்கள் இருக்கும். வேறு வேறு புல்கட்டுகளைத் தனித்தனி லேயராக வரைந்து ஜிஐஹெச்சாகச் சேமித்து, ராண்டம் என்று கொடுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் ஏதோ ஒன்று விழும். சோலை மரத்தின் இலைக்கொத்துக்கும் இதைச் செய்து பாருங்கள். மாற்றிக் கொண்டுவந்த பிரஷ்ஷை விட நன்றாக வருவதைப் பார்ப்பீர்கள், எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

மூடுபனி கறுப்பாவதற்குக் காரணம் வேறு. ஃபோட்டோஷாப்பில் ஒபாசிட்டி என்பது ஒரு இழுப்பில் எவ்வளவு வரை அடர்த்தி ஏறலாம் என்ற உச்சவரம்பு. ஃப்ளோ என்பது ஒவ்வொரு தட்டும் எவ்வளவு சேர்க்கிறது என்பது. பனி வரையும் பிரஷ்கள் குறைந்த ஃப்ளோவை நம்பியே இருக்கும். கிரிட்டாவில் பெயின்டிங் மோடு பில்டப் என்று இருந்தால் இந்த வித்தியாசம் போய்விடும், தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சட்டென்று அடைத்துக்கொள்ளும். அதை வாஷ் என்று மாற்றுங்கள், ஒபாசிட்டியை விட்டுவிட்டு ஃப்ளோவை ஐந்து சதவீதத்துக்குப் பக்கத்தில் இறக்குங்கள். அழுத்தத்தை ஃப்ளோவோடு இணையுங்கள். ஓரம் மென்மையாக வருவதற்காகச் சேர்த்த பெரிய முனைப்படம் பனிக்குத் தேவையே இல்லை. கிரிட்டாவின் ஆட்டோ பிரஷ்ஷில் சாஃப்ட் அல்லது காஸியன் வகையை எடுங்கள். கணினிக்கும் சுமை குறையும். பேரிஜம் பக்கம் மரங்களுக்கு நடுவே கிழிந்து கிழிந்து நகரும் பனிக்கு மட்டும் முனைப்படத்தோடு மாஸ்க்டு பிரஷ், அதாவது முதல் முனையை இடையிடையே மறைக்கும் இரண்டாவது முனை, வையுங்கள். ஃபோட்டோஷாப்பின் டூயல் பிரஷ் செய்த வேலையை அது செய்யும், 2018இல் வந்த கிரிட்டா 4.0 முதல் இருக்கிறது.

காகிதச் சொரசொரப்புக்கு டெக்ஸ்சர் வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை. ஃபோட்டோஷாப்பின் பேட்டர்ன் கோப்பும் கிம்ப்பின் பேட்டர்ன் கோப்பும் பிஏடி என்ற ஒரே பின்னொட்டோடு வரும், ஆனால் உள்ளே இரண்டும் வேறு. ஃபோட்டோஷாப்பிலேயே அந்தப் பேட்டர்னைத் தாளில் நிரப்பி பிஎன்ஜியாகச் சேமித்துக்கொள்ளுங்கள், எங்கும் வேலை செய்யும்.

அடுத்து, பிள்ளைகள். வாங்கிய செட்டைக் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் அந்த உரிமம் வாங்கியவர் தன் ஓவியங்களில் பயன்படுத்தத்தான். வேறு மென்பொருளுக்கு மாற்றிவிட்டால் அது உங்கள் செட் ஆகிவிடாது, அந்த முனைகளை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார். உரிமத்தைப் படியுங்கள், தெளிவில்லை என்றால் அவரிடமே எழுதிக் கேளுங்கள், வகுப்புக்கு என்றால் சிலர் சம்மதிப்பதுண்டு. அதுவரைக்கும் கிரிட்டாவோடு வரும் பிரஷ்களே பிள்ளைகளுக்குத் தாராளம். டேவிட் ரெவோய் போன்ற கைதேர்ந்த ஓவியர்களின் பங்களிப்பு அதில் இருக்கிறது.

அதைவிட, முனைகளை அவர்களையே செய்ய வையுங்கள். உங்கள் பக்கத்துச் சரிவுகளில் சாலையோரம் அடிப்பக்கம் வெள்ளைப்பொடி அப்பிய பெரணி வளரும், பிள்ளைகள் புறங்கையில் அழுத்தி அச்சு எடுத்து விளையாடுவார்களே, அது. அதைக் கறுப்புத் தாளில் அழுத்தி ஃபோனில் நேராகப் படம் எடுங்கள். வண்ணத்தை நீக்கி, பின்னணி முழுக் கறுப்பாகும்வரை லெவல்ஸைத் தள்ளுங்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிரிட்டாவிலும் ஃபோட்டோஷாப்பிலும் முனைப்படத்தின் கறுப்புதான் வண்ணமாக விழும், வெள்ளை விழாது. அதனால் படத்தைத் தலைகீழாக்க வேண்டும். ஐபேடில் புரோகிரியேட் வைத்திருக்கும் பிள்ளைக்குத் தலைகீழாக்காமலே கொடுங்கள், அங்கே வெள்ளைதான் விழும். முனையின் அகலம் ஐந்நூறு பிக்சலுக்குள் இருந்தால் பழைய கணினியிலும் ஓடும்.

செய்து முடித்த பிரஷ்களைச் செட்டிங்ஸ் மெனுவில் மேனேஜ் ரிசோர்ஸ் லைப்ரரீஸ் வழியாக ஒரே பண்டிலாகக் கட்டுங்கள். முனை, பேட்டர்ன் எல்லாம் சேர்ந்தே போகும். கிரிட்டா 5 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு எல்லோரிடமும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 2021 டிசம்பரில் வந்த அந்தப் பதிப்பில்தான் இந்த ஏற்பாடு முழுக்க மாறியது. கிம்ப் மட்டும் வைத்திருக்கும் பிள்ளைக்கு, மைபெயின்ட் என்ற இன்னொரு இலவச ஓவிய மென்பொருளின் வகை பிரஷ்களைக் கொடுங்கள். கிம்ப் 2.10, கிரிட்டா 5 இரண்டிலும் அந்த எஞ்சினே இருப்பதால் அவற்றின் நடத்தையும் கூடவே வரும்.

மாதிரித் தாள் தயாரானதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். புல்லும் பனியும் நீங்களே கட்டிவிடுவீர்கள். டெக்ஸ்சர் வைத்த பிரஷ் எதாவது முரண்டு பிடித்தால் அதன் ஸ்கிரீன்ஷாட்டையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா