பொன்னுக்கு வீங்கி: அரசு அட்டையில் இல்லாத ஊசியைக் காசு கொடுத்துப் போட வேண்டுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வயது மகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அட்டவணைப்படி எல்லா ஊசிகளும் போட்டாயிற்று. இருந்தும் குழந்தை மருத்துவர் ஒருவர் பொன்னுக்கு வீங்கிக்காக எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகிய மூன்றுக்கும் சேர்ந்த ஊசி) போடச் சொல்கிறார். ஒரு வாரத்தில் தானாக வடிந்துவிடும் வீக்கத்துக்கு இது தேவையா, சிறுவயதில் இந்த நோய் வந்ததா என்றே தெரியாத கணவர் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் மருத்துவன் அல்லன். வங்கியில் கணக்குப் பார்ப்பவன். இதற்குப் பதில் எழுத எனக்கு இருக்கும் ஒரே தகுதி, கேட்காத என் இடது காது. என் பிள்ளைகள் இருவருக்கும் பணம் கொடுத்தே அந்த ஊசியைப் போட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

1986-ஆம் ஆண்டு தென்காசிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் நான் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள் காய்ச்சலுக்குப் பிறகு ஒரு காலையில் எழுந்தபோது இடது கன்னம் உப்பி, தாடையின் மூலை எங்கே இருக்கிறது என்று தடவிப் பார்த்தாலும் அகப்படாத அளவுக்கு வீங்கியிருந்தது. பின்னாலிருந்து பார்த்தால் இடது காது மடல் மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நின்றதாக அம்மா பிற்பாடு சொன்னார். ஆச்சி தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கன்னத்தில் பத்துப் போட்டு, "அசையாம கெடல, பொன்னுக்கு வீங்கினது பொன்னைக் கண்டா வத்திரும்" என்றார். இரவு அம்மா ஊட்டிய ரசம் சோற்றின் புளிப்பு நாக்கில் பட்டதும் காதடியில் சுரீரென்று ஒரு வலி கிளம்பியது. அது இன்றும் நினைவில் இருக்கிறது. புளிப்பு பட்டால் உமிழ்நீர் சுரக்கும், சுரப்பி வீங்கிக் கிடக்கும்போது அந்தச் சுரப்பே வலியாக மாறும் என்ற விளக்கம் எனக்குக் கிடைத்தது வெகுகாலம் கழித்துத்தான். பத்து நாளில் வீக்கம் வற்றியது. சங்கிலி ஆச்சியின் கழுத்துக்குத் திரும்பியது. நான் பள்ளிக்குத் திரும்பினேன்.

ஒரு காது மட்டும் செவிடானால் வீட்டில் யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளைக்கே தெரியாது. இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்பாத என்னை வகுப்பில் கவனமில்லாத பையன் என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஏழாம் வகுப்பு விடுமுறையில் மதுரையில் மாமா வீட்டுத் தொலைபேசியை இடது காதில் வைத்து, "லைன் கிடைக்கல மாமா" என்றேன். மாமா வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தானே கேக்குது" என்று திருப்பித் தந்தார். வலது காதுக்கு மாற்றியதும் எனக்கும் கேட்டது. காது மருத்துவர் எடுத்த பரிசோதனைத் தாளில் வலது காதின் கோடு மேலேயே ஓடியது. இடது காதின் கோடு அடியில் படுத்துக் கிடந்தது. அவர் கேட்ட முதல் கேள்வியே, "இவனுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்ததுண்டா?" என்பதுதான். இத்தனை ஆண்டு கழித்து அதை உறுதியாக நிறுவ முடியாது என்றாலும், பள்ளி வயதில் ஒரு பக்கம் மட்டும் ஏற்படும் நரம்புச் செவிட்டுக்கு இந்த நோயைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள் என்றும் அவர் சொன்னார்.

இனி நோயைப் பற்றி. புட்டாளம்மை, தாளம்மை, இலங்கையில் கூகைக்கட்டு என்று பல பெயர்கள் இதற்கு உண்டு. அம்மை என்ற பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாலும் உடம்பில் கொப்புளம் எதுவும் வராது. இது எச்சில் வழியாகவும் இருமல், தும்மல் துளிகள் வழியாகவும் பரவும் வைரஸ் நோய். வைரஸ் உடலில் புகுந்தபின் வீக்கம் தெரிய 12 முதல் 25 நாள் வரை, பெரும்பாலும் 16 முதல் 18 நாள் ஆகும். வீக்கம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அந்தக் குழந்தை பிறருக்குத் தொற்ற வைக்கத் தொடங்கிவிடுகிறது. வீங்கியபின் ஐந்து நாள் வரை அது தொடர்கிறது. இதைவிடச் சிக்கலானது, தொற்றியவர்களில் கணிசமானோருக்கு வீக்கமே வருவதில்லை, வெறும் சளிக்காய்ச்சல்போல வந்து போய்விடும் என்பது. அதனால்தான் வீங்கிய குழந்தையை மட்டும் வீட்டில் வைத்துக்கொண்டு ஒரு பள்ளியில் பரவுவதை நிறுத்திவிட முடிவதில்லை.

"ஒரு வாரத்தில் வடிந்துவிடும்" என்று நீங்கள் எழுதியது பெரும்பாலான குழந்தைகளுக்கு உண்மை. இறப்பும் மிக அரிது. ஆனால் இந்த வைரஸ் கன்னத்தோடு நிற்பதில்லை. தடுப்பூசி போடாதவர்களில் பத்தில் ஒருவருக்கு வரை மூளையுறை அழற்சி, அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையில் வீக்கம், வரலாம். அது பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடும். கணையம் அழன்று கடும் வயிற்றுவலி வருவதும் உண்டு. பருவமடைந்த ஆண்களில் நூற்றுக்கு 15 முதல் 30 பேருக்கு விரை வீங்கிக் கடும் வலி ஏற்படுகிறது. இது புதிதாகக் கண்டறிந்த செய்தியும் அன்று. கிறிஸ்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டில் தாசோஸ் தீவில் காதோரம் வீங்கிய நோயாளிகளைப் பற்றி எழுதிய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டஸ், சிலருக்கு விரையும் வீங்கியதைச் சேர்த்தே குறித்திருக்கிறார். இதனால் ஆண்மை போய்விடும் என்று ஊரில் பேசிக்கொள்வது மிகைதான்: விரை சுருங்குவதும் விந்தணு குறைவதும் சிலருக்கு நேரலாம், ஆனால் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டு முற்றிலும் பிள்ளைப்பேறு இல்லாமல் போவது அரிது.

காதுக்கு வருகிறேன். நோயுற்றோரில் 20,000 பேருக்கு ஒருவருக்குக் காது போகும் என்பது பழைய கணக்கு. ஜப்பானில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் செய்த பிற்கால ஆய்வோ ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவைக் காட்டியது. பள்ளியில் என்னைப் போல யாருக்கும் தெரியாமல் இருந்தவர்களைப் பழைய கணக்கில் யார் எண்ணியிருப்பார்கள்? இந்த ஊசி அரசின் வழக்கமான அட்டவணையில் இல்லாத ஜப்பானில் 2015, 2016 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 300-க்கும் மேற்பட்டோர் இந்த நோயால் காது கேளாமல் போனதைக் காது மருத்துவர்கள் கணக்கெடுத்தார்கள். அந்தச் செவிட்டுக்கு மருந்து இல்லை. வீக்கம் லேசாக இருந்ததா கடுமையாக இருந்ததா என்பதை வைத்து யாருக்குக் காது போகும் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது.

உங்கள் கேள்வியின் மையம் மகளின் தடுப்பூசி அட்டையில் இருக்கிறது. அதை எடுத்து ஒன்பதாம் மாதத்துக்கும் ஒன்றரை வயதுக்கும் எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். எம்.ஆர். என்று இருக்கும்; அதாவது தட்டம்மை, ரூபெல்லா ஆகிய இரண்டு மட்டும். நடுவில் இன்னொரு எம் இருந்தால்தான் பொன்னுக்கு வீங்கியும் சேரும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகிய இடங்களில் எம்.ஆர். முகாம் தொடங்கியபோது, "அம்மை ஊசி போட்டாயிற்று" என்ற ஒரே சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டதாகப் பெற்றோர் பலர் எண்ணிக்கொண்டார்கள். மூத்தவன் விஷயத்தில் நானும் சில மாதங்கள் அப்படித்தான் இருந்தேன். தட்டம்மை குழந்தைகளைக் கொல்லும், ரூபெல்லா கருவில் உள்ள சிசுவைச் சிதைக்கும், பொன்னுக்கு வீங்கியால் இறப்பவர் மிகக் குறைவு என்பதால் அரசு அவ்விரண்டுக்கும் முன்னுரிமை தந்தது. ஒரு நாட்டின் வரவு செலவைப் பார்ப்பவருக்கு அந்தக் கணக்கு சரியாகவே இருக்கலாம். இந்தியக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் எம்.எம்.ஆர். ஊசியை 9-ஆம் மாதம், 15-ஆம் மாதம், 4 முதல் 6 வயதுக்குள் என மூன்று தவணையாகப் பரிந்துரைக்கிறது. இலங்கையில் 2011 முதல் அரசே எம்.எம்.ஆர். போடுகிறது. இங்கே 2024 தொடக்கத்தில் கேரளத்தில் இந்நோய் பரவி, மார்ச் மாதத்தில் ஒரே நாளில் 190 பேருக்குப் பதிவானதாகச் செய்தி வந்தபோது, எல்லையோரத்தில் இருக்கும் எங்கள் ஊரிலும் பல பெற்றோர் அட்டையை எடுத்துப் பார்த்தார்கள்.

ஊசி பிறந்த கதையும் ஒரு வீட்டில்தான் தொடங்குகிறது. 1963-இல் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்லமன் என்ற ஆய்வாளரின் ஐந்து வயது மகள் ஜெரில் லின் இரவில் தொண்டை வலிக்கிறது என்று அப்பாவை எழுப்பினாள். அவர் அவளைப் படுக்கவைத்துவிட்டு, தொண்டையைப் பஞ்சால் துடைத்து எடுத்த மாதிரியை ஆய்வகத்தில் சேர்த்தார். அந்த வைரஸைக் கோழிக் கருவில் மீண்டும் மீண்டும் வளர்த்து வலுவிழக்கச் செய்து உருவாக்கிய ஊசிக்கு 1967-இல் உரிமம் கிடைத்தது. 1971-இல் மூன்று நோய்களுக்கும் ஒரே ஊசியாக எம்.எம்.ஆர். வந்தது. அந்த வைரஸ் வகைக்கு இன்றும் அந்தப் பெண்ணின் பெயர்தான். இந்தியாவில் தயாராகும் ஊசியில் இருப்பது எல்-ஜாக்ரெப் என்ற வேறொரு வகை.

ஊசியின் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு தவணை ஏறக்குறைய நான்கில் மூன்று பேரைக் காக்கும். இரண்டு தவணை பத்தில் ஒன்பது பேருக்குச் சற்றுக் குறைவானவர்களைக் காக்கும். தட்டம்மை ஊசி தரும் காப்போடு ஒப்பிட்டால் இது குறைவு. ஆண்டுகள் செல்லச் செல்லத் தேயவும் செய்கிறது. 2006-இல் அமெரிக்காவில் 6,500-க்கும் மேற்பட்டோருக்கு நோய் பரவியபோது, இரண்டு தவணை போட்ட கல்லூரி மாணவர்களும் அதில் இருந்தார்கள். ஆனால் ஊசி போட்டவர்களுக்கு நோய் வந்தாலும் விரைவீக்கம் முதலிய சிக்கல்கள் குறைவாகவே வருகின்றன. ஊராபே என்ற வகையைக் கொண்ட ஊசியால் மூளையுறை அழற்சி சிலருக்கு ஏற்பட்டது தெரிந்ததும் 1992-இல் பிரிட்டன் அதைக் கைவிட்டது. ஆட்டிசம் வரும் என்ற பயத்தைக் கிளப்பிய 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்விலும் அப்படி எந்தத் தொடர்பும் தென்படவில்லை. என் பிள்ளைகளில் இளையவளுக்கு ஊசி போட்ட எட்டாம் நாள் காய்ச்சல் அடித்தது. ஒரு நாளில் விட்டுவிட்டது.

உங்கள் மகள் இரண்டு எம்.ஆர். தவணை போட்டிருந்தாலும் எம்.எம்.ஆர். போடலாம், தட்டம்மை, ரூபெல்லா மருந்து கூடுதலாக ஒரு முறை போவதால் கெடுதல் இல்லை. இது உயிருள்ள, வலுவிழந்த வைரஸ் என்பதால், முந்தைய எம்.ஆர். ஊசிக்கும் இதற்கும் குறைந்தது நான்கு வார இடைவெளி வேண்டும். நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றிய குழந்தைகளுக்கு இது கூடாது. செலவு சில நூறு ரூபாய். தயாரிப்பைப் பொறுத்து மாறும்.

ஊசி போடுமுன்பே நோய் வந்துவிட்டால், வீக்கம் தொடங்கிய நாளிலிருந்து ஐந்து நாள் வீட்டில் வைத்து, புளிப்பில்லாத கஞ்சி, இளநீர், பாரசிட்டமால் என்று பார்த்துக்கொண்டால் போதும். குழந்தைக்கு ஆஸ்பிரின் தரக் கூடாது. சங்கிலி போடுவது உங்கள் விருப்பம், அதனால் கெடுதல் இல்லை. ஓயாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு, கடும் வயிற்றுவலி, இவற்றில் எது வந்தாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வடிந்தபின் ஒவ்வொரு காதாகப் பொத்தி, மறு காதருகே மெல்லப் பேசிப் பாருங்கள். எனக்கு யாரும் செய்யாத சோதனை அது.

உங்கள் கணவரைப் பொறுத்தவரை, இரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்க்கலாம். பார்க்காமலே ஊசி போட்டுக்கொண்டாலும் தவறில்லை, ஏற்கெனவே நோய் வந்திருந்தால் ஊசியால் தீங்கு எதுவும் நேராது. நீங்களும் போட்டுக்கொள்வதாக இருந்தால் கருவுற்றிருக்கும்போது போடக் கூடாது. போட்டபின் ஒரு மாதம் வரை கருத்தரிப்பைத் தள்ளிவைக்க வேண்டும் என்பதை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.