கேளுங்கள், சொல்கிறேன்: இருபது நாற்காலி, நான்கு பேர்

கேள்வி: எங்கள் மென்பொருள் நிறுவனத்தின் தலைமையகம் சென்னையில் இருக்கிறது. புதுச்சேரியில் கிளை திறந்து என்னைப் பொறுப்பாளராக அனுப்பியிருக்கிறார்கள். இப்போது நான்கு பேர் இருக்கிறோம். ஆறு மாதத்தில் இருபது பேராக வேண்டுமாம். கேம்பஸ் இன்டர்வியூ நடத்தி மொத்தமாக எடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், லாஸ்பேட்டை

பதில்: தாராளமாக எடுக்கலாம். கல்லூரிகள் இருக்கும் காலாப்பட்டு, மதகடிப்பட்டு என்று ஒரு சுற்று சுற்றினால் பதினாறு பேர் கிடைத்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்லித்தர நீங்கள் நால்வரும் உட்கார்ந்துவிட்டால், வேலையை யார் பார்ப்பது? தாமதமான மென்பொருள் திட்டத்தில் ஆள் சேர்த்தால் இன்னும் தாமதமாகும் என்று ஐபிஎம்மில் பெரிய திட்டத்தை நடத்திய பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிவிட்டார். நான்கு பேர் ஒருவரோடு ஒருவர் பேச ஆறு இணைப்பு போதும். இருபது பேருக்கு 190 வேண்டும்.

முதலில் அனுபவசாலிகள் நான்கைந்து பேரைப் பிடியுங்கள். வெள்ளிக்கிழமை மாலை சென்னையிலிருந்து ஈசிஆர் வழியாக வரும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். மடியில் லேப்டாப் பையோடு தூங்கிக்கொண்டு வருவார்கள். வயதான பெற்றோர் இங்கே, சம்பளம் அங்கே. ஊரோடு வந்துவிட ஆசைதான். ஆனால் சென்னைக்காரர்கள் கழித்துக்கட்டிய பழைய பிழைகளைத் திருத்தும் வேலைக்காக எவரும் வரமாட்டார்கள்.

ஆகவே ஆள் தேடுவதற்கு முன் தலைமையகத்தோடு சண்டை போடுங்கள். ஒரு பகுதியை முழுசாகக் கேளுங்கள். பில்லிங் என்றால் டேட்டாபேஸ் முதல் திரை வரை, வாடிக்கையாளரின் புகார் உட்பட, எல்லாம் புதுச்சேரிக்கே. இரவு இரண்டு மணிக்கு அது படுத்துவிட்டால் போன் உங்களுக்குத்தான் வர வேண்டும். கசப்பான உரிமைதான், அது இல்லாமல் முடிவெடுக்கும் உரிமையும் வராது. ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதே அதன் மென்பொருளின் வடிவமாகிவிடும் என்றார் கணினி நிபுணர் மெல்வின் கான்வே, 1968-ல். பாதி அங்கே, பாதி இங்கே என்று பிரித்தால் ஒரு பட்டனை நகர்த்தவும் 150 கிலோமீட்டர் தாண்டி அனுமதி கேட்க வேண்டியிருக்கும்.

புதியவர்களைப் பிறகு எடுங்கள், ஓர் அனுபவசாலிக்கு இருவர் வீதம். முதல் நாள் கணினியை அவர்களே தயார் செய்யட்டும். வழிகாட்டிக் குறிப்பில் எந்த வரியில் தடுக்கி விழுந்தார்களோ, அந்த வரியை அவர்களே திருத்தட்டும். அதுதான் அவர்களின் முதல் பங்களிப்பு.

இன்னொன்று: சென்னையின் விடுமுறைப் பட்டியலை அப்படியே ஒட்டிவிடாதீர்கள். நவம்பர் 1 புதுச்சேரிக்காரர்களான நமக்கு விடுதலை நாள் என்பது தலைமையகத்துக்கு நினைவிருக்காது. அன்றைக்குத்தான் முக்கியமான வெளியீட்டை வைப்பார்கள்.

கேள்வி: மகளுக்குப் புதுச்சேரியில் புதிதாகத் திறந்த சிறிய அலுவலகத்திலும், சென்னையில் பெரிய நிறுவனத்திலும் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்பதால் புதுச்சேரியே நல்லது என்று நினைக்கிறேன். சரியா?
– ஒரு தாய், கடலூர்

பதில்: பஸ் வசதியை வைத்து முடிவெடுக்காதீர்கள், அம்மா. மகள் எழுதும் நிரலைத் தினமும் படித்துத் திருத்தப்போவது யார் என்று அந்த அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரைக் காட்டினால் சேரட்டும். ‘சென்னையில் ஒருவர் நேரம் கிடைக்கும்போது பார்ப்பார்’ என்றால், சென்னைக்கே அனுப்பிவிடுங்கள்.