மலைக் குளிரில் ஒரு அடைக்கோழிக்கு எத்தனை முட்டை?

கேள்வி: பூம்பாறையில் பூண்டுத் தோட்டம் வைத்திருக்கிறோம். வீட்டில் 5 நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் உண்டு. கார்த்திகையில் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. வீட்டு முட்டை 5, வத்தலக்குண்டில் வாங்கிய நாட்டுக்கோழி முட்டை 8, ஆக 13 வைத்தேன். 4 தான் பொரிந்தது. அதிலும் 2 குஞ்சு முதல் வாரத்திலேயே விறைத்துச் செத்துவிட்டன. கோழி ராசியில்லை, விற்றுவிடு என்கிறார் மாமியார். இன்குபேட்டர் வாங்கலாம் என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?

பதில்: கோழியை விற்காதீர்கள், இன்குபேட்டரும் வாங்காதீர்கள். கார்த்திகை மழையில் 21 நாள் எழாமல் உட்கார்ந்து நாலு குஞ்சு இறக்கிய பெட்டை, கிடைத்தற்கரிய பெட்டை. தப்பு முட்டையின் எண்ணிக்கையிலும் அது வந்த இடத்திலும் இருக்கிறது.

எண்ணிக்கையை முதலில் பார்ப்போம். அடைக்கு உட்கார்ந்த கோழியின் அடிவயிற்றில் ஒருநாள் கையை மெல்ல நுழைத்துப் பாருங்கள். முடி உதிர்ந்து வெறும் தோலாக இருக்கும். காய்ச்சல்காரர் நெற்றியைத் தொட்டதுபோல் சுடும். அந்த வெறுந்தோல் படுகிற முட்டைக்குத்தான் முழுச் சூடு. ஓரத்தில் கிடப்பதற்கு இறகுச் சூடு மட்டுமே. ஓரத்து முட்டை மட்டும்தானே கெடும், நடுவில் இருப்பது தப்பிக்குமே என்று தோன்றும். அப்படி நடக்காது. கோழி ஒரு நாளில் பல தடவை அலகால் முட்டைகளைப் புரட்டி, உள்ளே இருப்பதை வெளியேயும் வெளியே இருப்பதை உள்ளேயும் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகவே முட்டை அதிகமானால், 13 முட்டையும் ஆளுக்கு ஒருநாளாகக் குளிரில் நிற்கும். கீழ்நாட்டில் 12, 13 வைத்து எல்லாம் பொரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஓரத்து முட்டைக்கும் வெயில் காலத்துக் காற்றே பாதிச் சூடு கொடுத்துவிடும். நம் மலையில் நடுத்தரப் பெட்டைக்கு 8 அல்லது 9 போதும். உடல் சிறுத்த சிறுவிடை வகை நாட்டுக்கோழியென்றால் 7. நான் கோத்தகிரியில் 9க்கு மேல் வைப்பதில்லை.

அடுத்தது வத்தலக்குண்டு முட்டை. வாங்கிய முட்டையில் சேவல் சேர்ந்ததா, இட்டு எத்தனை நாள் ஆயிற்று என்பது விற்றவருக்கே தெரிந்திருக்காது. இட்டு 10 நாள் தாண்டினால் பொரிப்பு மளமளவென்று குறையும். மலைப்பாதைக் கொண்டைஊசி வளைவுகளில் குலுங்கி வந்ததை ஒரு நாளாவது கூர்முனை கீழே இருக்கும்படி ஆறவிட்டிருக்க வேண்டும். இவற்றோடு பலர் யோசிக்காத ஒன்றும் இருக்கிறது, அது உயரம். கொடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர். உங்கள் ஊர் அதற்குக் கொஞ்சம்தான் கீழே. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறையும். ஓட்டில் உள்ள ஆயிரக்கணக்கான நுண்துளைகள் வழியே முட்டையின் ஈரம் வேகமாக வெளியேறும், கருவுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனும் குறைவு. மேலேயே பழகிய கோழி இடும் முட்டை இதைத் தாங்கும். அடிவாரத்து முட்டை அவ்வளவாகத் தாங்காது. அதனால் உங்கள் வீட்டு முட்டையையே சேர்த்து வையுங்கள். இதில் மலைக்காரர்களுக்கு ஒரு வசதியும் உண்டு. அடை முட்டையைச் சேமிக்க 15 டிகிரி சுற்றுவட்டம் நல்லது. கீழே அதற்கு என்ன பாடுபட வேண்டும், நமக்கோ வீட்டின் வடக்கு அறையே போதும். முட்டையைக் கழுவ வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைக்கவும் வேண்டாம்.

காலத்தையும் மாற்றுங்கள். ஐப்பசி, கார்த்திகை பழனி மலைக்கு அடைமழை. மார்கழி, தையில் உறைபனி. மாசி தொடங்கி சித்திரைக்குள் குஞ்சு இறங்கும்படி வைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. நீலகிரியில் கூடலூர் பக்கத்து வாசகர்களுக்கு அடைமழை ஆனி, ஆடியில், அவர்கள் அந்த மாதங்களைத் தவிர்க்க வேண்டும். கார்த்திகையில் கோழி தானாக உட்கார்ந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நாலைந்து நாள் வெளிச்சமும் காற்றும் உள்ள கூண்டில், அடியில் வைக்கோல் இல்லாமல் விட்டுவையுங்கள், அடை தெளிந்துவிடும். தண்ணீரில் முக்கி எடுப்பது இந்தக் குளிரில் கொலை.

அடைக்கூடையைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காதீர்கள். பலகை, அதன்மேல் கோணிச்சாக்கு, அதன்மேல் கூடை. கூடைக்குள் காய்ந்த வைக்கோலைக் குழித்து விடுங்கள். கீழ்நாட்டில் போடும் ஆற்றுமணல் இங்கே ஈரத்தை இழுத்துக் குளிரும். இடிக்குப் பயந்து ஆணி, கரித்துண்டு, வரமிளகாய் போடுவது உங்கள் வீட்டிலும் உண்டென்றால் போட்டுக்கொள்ளுங்கள், முட்டைக்குக் கெடுதல் இல்லை. மாமியாரோடு சண்டையும் மிச்சம். மற்றக் கோழிகள் ஏறி முட்டையிட முடியாத மறைவான மூலையாக இருக்கட்டும். வைத்த முட்டைகளில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டால், கோடு இல்லாதது பிறகு வந்த விருந்தாளி என்று எடுத்துவிடலாம்.

கோழி நாளுக்கு ஒரு தடவை எழுந்து, தின்று, ஒரு பெரிய நாற்றமடிக்கும் எச்சம் போட்டு, மண்ணில் புரண்டுவிட்டு 15, 20 நிமிடத்தில் திரும்பும். அது புரளும் இடத்தில் அடுப்புச் சாம்பல் தூவுங்கள், கோழிப்பேன் அண்டாது. 7ம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் முட்டையைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியதுபோல் சிவப்பு நரம்பு தெரிந்தால் உயிர். தெளிவாகக் கண்ணாடிபோல் இருந்தால் கூமுட்டை, எடுத்துவிடுங்கள். மற்றவைக்கு அந்த இடமும் சூடும் கிடைக்கும். 18ம் நாளுக்கு மேல் கையே வைக்காதீர்கள். நம் ஊரில் 22 நாள் ஆவதும் உண்டு. ஓட்டில் ஓட்டை விழுந்து முழுதாக வெளியே வர ஒரு நாள்கூட ஆகும். ஒரு தடவை பொறுக்காமல் நானே ஓட்டை உரித்தேன். உள்தோலில் இன்னும் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. என் விரலெல்லாம் சிவந்தது, குஞ்சு அன்று மாலையே போய்விட்டது.

இனி, செத்த அந்த 2 குஞ்சுகள். வெறும் குளிர் தாயின் சிறகுக்குள் இருக்கும் குஞ்சை அவ்வளவு எளிதில் கொல்லாது, நனைந்த குஞ்சைத்தான் கொல்லும். விடிந்ததும் தாயையும் குஞ்சுகளையும் திறந்துவிட்டிருப்பீர்கள். பனிப்புல்லில் நடந்து அடிவயிறு நனைந்த குஞ்சு, தாய் உட்காருவதற்குள் விறைத்துவிடும். முதல் 2 வாரம் காலை 10 மணிக்கு, புல் காய்ந்த பிறகே விடுங்கள். மூடுபனி விலகாத நாளில் பஞ்சாரத்துக்குள்ளேயே, அதாவது கவிழ்த்து மூடும் கூடைக்குள்ளேயே, இருக்கட்டும். தண்ணீர்த் தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லிடுக்கில் மட்டும் நீர் நிற்கும்படி வையுங்கள். பஞ்சாரத்துக்கு மேல் சாக்கு போட்டால் பருந்தும் காகமும் எட்டாது. கீரிக்கும் மரநாய்க்கும் இரவில் கதவுள்ள கூண்டுதான் வேண்டும்.

பொரித்த முதல் 2 நாள் வயிற்றில் உள்ள மஞ்சள்கருவே குஞ்சுக்கு இரை, அவசரப்பட்டு ஊட்ட வேண்டாம். பிறகு நொய் மட்டும் போட்டு வளர்த்தால் இறகு மெதுவாகத்தான் முளைக்கும், இறகு முளைக்காத குஞ்சுக்குக் குளிர் இரட்டிப்பு. முதல் 4 வாரமாவது குஞ்சுத்தீவனம் கலந்து கொடுங்கள். கறையான் கிடைத்தால் அதைவிட மேல்.

இன்குபேட்டர் பற்றி ஒரு வார்த்தை. மழைநாளில் உங்கள் ஊரில் கரண்டு எத்தனை மணி நேரம் போகிறது என்று மகனையே எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் பொரித்த குஞ்சுகளுக்கு அடுத்த ஒரு மாதம் பல்புச் சூடும் வேண்டும்.

மிஞ்சிய 2 குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் (ராணிக்கெட்) நோய்க்கான தடுப்புச் சொட்டுமருந்து போட்டீர்களா என்று எழுதவில்லை. 7ம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, 8 வாரத்தில் இறக்கைக்கடியில் ஊசி. 7ம் நாள் தாண்டிவிட்டதென்றால் இந்த வாரமே கால்நடை மருந்தகத்தில் என்றைக்குப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு குப்பி பல குஞ்சுகளுக்கு வரும், கரைத்த பிறகு கொஞ்ச நேரமே தாங்கும். ஆகவே தெருவில் குஞ்சு வைத்திருக்கும் இன்னும் நாலு வீட்டுக்காரர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.